அரசுப் பள்ளிகளின் பாதுகாப்புக்கான நிதி: எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது? ஒரு விளக்கம்

சூளூர்பேட்டை: குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து 15 ஆண்டுகள் கடந்துவிட்டன. 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள அச்சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளிக்கும் எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற கட்டடம், மாணவருக்கும் மாணவியருக்கும் தனித்தனிக் கழிவறை, பாதுகாப்பான குடிநீர் ஆகியவற்றுடன், சுற்றுச்சுவர் அல்லது வேலியையும் கட்டாயமாக்கியுள்ளது. இந்த வசதிகளை நிறைவேற்ற மூன்று ஆண்டு அவகாசமும் அளிக்கப்பட்டது. அந்த அவகாசம் 2013இல் முடிந்துவிட்டது.

ஆயினும் சுவரில்லாத, இடிந்த சுவருடன் நிற்கும், காவலர் இல்லாத அரசுப் பள்ளிகள் இன்றும் நாட்டில் உள்ளன. இவற்றுக்கான பணம் எந்த அரசிடமிருந்து, எந்தத் தலைப்பில், யார் வழியாக வருகிறது என்பது பெற்றோரில் பெரும்பாலானோருக்குத் தெரிவதில்லை. ஆந்திர மாநிலம் திருப்பதி மாவட்டத்தின் சூளூர்பேட்டையை முன்வைத்து அந்த நிதிப் பாதையை இக்கட்டுரை விளக்குகிறது.

எல்லை நகரின் சூழல்

சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையும் சென்னை–கூடூர் ரயில் பாதையும் கடந்து செல்லும் நகரம் சூளூர்பேட்டை. ஸ்ரீஹரிகோட்டாவில் உள்ள சதீஷ் தவான் விண்வெளி மையத்துக்கும் பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பகுதிக்கும் இதுவே நுழைவாயில். சென்னையிலிருந்து புறநகர் ரயில்கள் இதுவரை வந்து திரும்புகின்றன. நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இந்நகரம், 2022 ஏப்ரல் 4ஆம் தேதி ஆந்திர மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. தமிழும் தெலுங்கும் கலந்து பேசப்படும் எல்லைப் பகுதி இது.

கனரக வாகனங்கள் விரையும் நெடுஞ்சாலை, ரயில் பாதை, புயல் மழை, தாழ்வான கடலோர நிலம் ஆகிய நான்கும் இத்தகைய பகுதியின் பள்ளிகளுக்கு அன்றாடச் சவால்கள். 2021 நவம்பர் வெள்ளமும், 2023 டிசம்பரில் பாபட்லா அருகே கரையைக் கடந்த மிக்ஜம் புயலும் நெல்லூர், திருப்பதி மாவட்டங்களைக் கடுமையாகப் பாதித்தன. இங்கு சுற்றுச்சுவருக்கு அயலாரைத் தடுப்பதோடு வேறு பணிகளும் உண்டு. இடைவேளையில் ஓடும் குழந்தை சாலைக்குச் சென்றுவிடாமல் அது காக்கிறது, கால்நடைகளைத் தடுக்கிறது, இரவில் வளாகம் மது அருந்தும் இடமாவதையும், குழாய்களும் மின்விசிறிகளும் திருடப்படுவதையும் தடுக்கிறது, பள்ளி நிலத்தின் எல்லையையும் ஆக்கிரமிப்பிலிருந்து காக்கிறது.

விபத்துகள் எழுதிய விதிகள்

பள்ளிப் பாதுகாப்பு தொடர்பான இந்திய விதிகளில் பல, துயரங்களுக்குப் பின்னரே எழுதப்பட்டவை. 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் தனியார் பள்ளி ஒன்றில் நேரிட்ட தீ விபத்தில் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்து தொடரப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், 2009 ஏப்ரலில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் உரிமை என்பது பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமையையும் உள்ளடக்கியது என்று தெளிவுபடுத்தியது. தீயணைப்புக் கருவிகள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி, கட்டடங்களின் ஆய்வு ஆகியவை கட்டாயமாயின.

2016இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பள்ளிப் பாதுகாப்புக் கொள்கை வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2017இல் குருகிராமில் தனியார் பள்ளி வளாகத்துக்குள் சிறுவன் கொல்லப்பட்டதை அடுத்து உச்ச நீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்குகளின் விளைவாக, பள்ளிப் பாதுகாப்பில் யாருக்கு என்ன பொறுப்பு என்பதை வரையறுக்கும் வழிகாட்டுதல்களை மத்தியக் கல்வி அமைச்சகம் 2021இல் வெளியிட்டது. அவற்றை நடைமுறைப்படுத்துமாறு 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

2025 ஜூலை 25ஆம் தேதி ராஜஸ்தானின் ஜாலாவாட் மாவட்டத்தில் அரசுப் பள்ளிக் கட்டடம் இடிந்து 7 குழந்தைகள் உயிரிழந்தனர். மறுநாளே, நாடு முழுவதும் பள்ளிகளில் கட்டட உறுதி, தீப்பாதுகாப்பு, அவசர வெளியேறும் வழிகள், மின்கம்பி இணைப்புகள் ஆகியவற்றைத் தணிக்கை செய்யுமாறு மத்தியக் கல்வி அமைச்சகம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. ஆபத்தான நிலை கண்டறியப்பட்டால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் கூறியது.

இந்த ஆணைகள் அனைத்தும் செய்ய வேண்டியதைப் பட்டியலிடுகின்றன. அதற்கான பணம் வேறு பாதைகளில் வருகிறது.

முதல் பாதை: சமக்ர சிக்ஷா

பள்ளிக் கல்விக்கான மத்திய அரசின் ஒருங்கிணைந்த திட்டம் சமக்ர சிக்ஷா. அனைவருக்கும் கல்வி இயக்கம், இடைநிலைக் கல்வி இயக்கம், ஆசிரியர் கல்வித் திட்டம் ஆகிய மூன்றையும் இணைத்து 2018இல் இது தொடங்கப்பட்டது. 2021–22 முதல் 2025–26 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு மொத்தம் ரூ. 2,94,283 கோடி மதிப்பீட்டுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. ஆந்திரம், தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் செலவில் 60 சதவீதத்தை மத்திய அரசும் 40 சதவீதத்தை மாநில அரசும் ஏற்கின்றன.

இத்திட்டத்தின் கீழ் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஆண்டுதோறும் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் வழங்கப்படுகிறது. 30 மாணவர்கள் வரை உள்ள பள்ளிக்கு ரூ. 10,000, 100 பேர் வரை ரூ. 25,000, 250 பேர் வரை ரூ. 50,000, 1,000 பேர் வரை ரூ. 75,000, அதற்கு மேல் ரூ. 1 லட்சம். இதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்குச் செல்ல வேண்டும். மின்கட்டணம், பழுதுபார்ப்பு, எழுதுபொருள் எனப் பள்ளியின் எல்லாச் சில்லறைச் செலவுகளும் மீதித் தொகையில்தான்.

இங்கேதான் முதல் முரண்பாடு எழுகிறது. மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து வழங்கப்படுகிறது. சுவரின் செலவோ நிலத்தின் சுற்றளவைப் பொறுத்து அமைகிறது. அரை ஏக்கர் சதுர நிலத்தில் உள்ள தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொண்டால் அதன் சுற்றளவு சுமார் 590 அடி. அங்கு 28 குழந்தைகள் படித்தால் ஆண்டு மானியம் ரூ. 10,000. அது முழுவதையும் சுவருக்கே செலவிட்டாலும் ஓர் அடிக்கு ரூ. 17 மட்டுமே கிடைக்கும். நான்கு ஏக்கரில் 1,000க்கும் அதிகமான மாணவர்களைக் கொண்ட உயர்நிலைப் பள்ளிக்கு அதே கணக்கில் அடிக்குச் சுமார் ரூ. 60 வரும். இரண்டிலுமே சுவர் எழாது. ஆனால் சிறிய பள்ளியின் நிலை மூன்று மடங்குக்கும் மேல் மோசம்.

ஆகவே, சுவர், கூடுதல் வகுப்பறை, பெரும் பழுதுபார்ப்பு போன்றவற்றுக்குத் தனி ஒப்புதல் தேவை. மாநிலம் தனது ஆண்டுத் திட்டத்தில் இவற்றைச் சேர்த்து அனுப்ப வேண்டும். மத்திய அமைச்சகத்தின் திட்ட ஒப்புதல் வாரியம் அதை ஏற்க வேண்டும். அந்த முன்மொழிவுக்கு ஆதாரம், பள்ளிகள் ஆண்டுதோறும் நிரப்பித் தரும் யுடைஸ் தரவு. அப்படிவத்தில் சுற்றுச்சுவர் உறுதியானதா, உடைந்ததா, முள்வேலியா, எதுவுமே இல்லையா என்று குறிப்பிட வேண்டும். உடைந்த சுவரை 'உறுதியானது' எனத் தலைமையாசிரியர் தவறாகக் குறித்துவிட்டால், அப்பள்ளி தேவைப் பட்டியலிலிருந்தே விலகிவிடக்கூடும்.

இரண்டாம் பாதை: மாநிலத் திட்டம்

ஆந்திரத்தில் பள்ளிக் கட்டமைப்புக்கான பெரும் தொகை மாநில அரசின் திட்டம் வழியாகவே வந்தது. 2019 நவம்பர் 14ஆம் தேதி ஓங்கோலில் அப்போதைய முதல்வர் ஒய்.எஸ். ஜெகன்மோகன் ரெட்டி தொடங்கிவைத்த 'மன பாடி நாடு–நேடு', அதாவது 'நம் பள்ளி, அன்றும் இன்றும்' என்ற திட்டம், முதலில் ஒன்பது வகைப் பணிகளைப் பட்டியலிட்டது. தண்ணீர் வசதியுள்ள கழிவறை, குடிநீர், பழுதுபார்ப்பு, மின்வசதி, மேசை நாற்காலிகள், பச்சை எழுதுபலகை, வண்ணப்பூச்சு, ஆங்கில ஆய்வகம் ஆகியவற்றோடு சுற்றுச்சுவரும் அதில் இடம்பெற்றது. முதல் கட்டத்தில் 15,715 பள்ளிகளில் சுமார் ரூ. 3,669 கோடி செலவிடப்பட்டதாக அரசு தெரிவித்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் சுமார் 22,000 கல்வி நிறுவனங்களுக்கு ஏறத்தாழ ரூ. 8,000 கோடி திட்டமிடப்பட்டது.

இத்திட்டத்தின் தனித்தன்மை பணம் சென்ற வழி. ஒப்பந்ததாரருக்கு மொத்தமாக வழங்காமல், பெற்றோர் குழுவின் வங்கிக் கணக்கில் தொகை செலுத்தப்பட்டது. கட்டுமானப் பொருள் வாங்குதல், கூலி வழங்குதல் ஆகியவற்றைக் குழுவே செய்தது; பொறியாளர்கள் அளவீடு செய்தனர். மின்விசிறி, மேசை நாற்காலி, வண்ணப்பூச்சு போன்றவை மட்டும் மாநில அளவில் கொள்முதல் செய்யப்பட்டன. பெற்றோர் கண்ணெதிரே பணி நடந்தது இதன் பலன். கட்டுமான அனுபவமற்ற குழுக்கள் கணக்கு, தரம், காலக்கெடு ஆகிய மூன்றையும் சுமக்க நேர்ந்தது இதன் சுமை.

இரண்டாம் கட்டப் பணிகள் முழுமை பெறாத நிலையிலேயே 2024 தேர்தல் வந்தது. ஆட்சி மாறியதும் முதல்வர் சந்திரபாபு நாயுடு தலைமையிலான அரசு, திட்டத்தை 'மன பாடி–மன பவிஷ்யத்து' எனப் பெயர் மாற்றியது. கல்வித் துறை நாரா லோகேஷிடம் வந்தது. பெயரும் முன்னுரிமையும் மாறும்போது, பாதியில் நிற்கும் சுவர்தான் முதலில் பாதிக்கப்படுகிறது. அடித்தளம் போடப்பட்டு மேலெழாத சுவர், பாதுகாப்பு அளிப்பதில்லை. நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பிகளால் புதிய ஆபத்தையும் உண்டாக்குகிறது.

மூன்றாம் பாதை: கடனும் நிவாரணமும்

ஊரகப் பள்ளிக் கட்டடங்களுக்கு நபார்டு வங்கியின் ஊரகக் கட்டமைப்பு மேம்பாட்டு நிதியிலிருந்து மாநிலங்கள் கடன் பெறலாம். தமிழ்நாட்டில் பல பள்ளிக் கட்டடங்கள் இவ்வாறு எழுந்தவை. புயல், வெள்ளத்தால் சேதமடைந்த பள்ளிகளின் உடனடிச் சீரமைப்புக்கு மாநிலப் பேரிடர் நிவாரண நிதி உண்டு; அதில் பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய அரசு 75 சதவீதம் பங்களிக்கிறது. ஆனால் அது சேதத்தைச் சீர்செய்யும் உதவி. முன்பு இல்லாத சுவரைப் புதிதாக எழுப்ப அதில் இடமில்லை.

சுவர் ஒருமுறை, காவலர் ஒவ்வொரு மாதமும்

அரசு நிதியில் மூலதனச் செலவு, தொடர் செலவு என இரு வகைகள் உண்டு. சுவர் எழுப்புவது முதல் வகை. அதைப் பராமரிப்பதும், வாயிலில் ஒருவரை நிறுத்துவதும் இரண்டாம் வகை. முதலாவதற்குத் திறப்பு விழா உண்டு, இரண்டாவதற்கு இல்லை. நிதி பெரும்பாலும் தேங்குவது இங்கேதான்.

ஆந்திர அரசு 2023இல், அரசு உயர்நிலைப் பள்ளிகளில் மாதம் ரூ. 6,000 மதிப்பூதியத்தில் இரவுக் காவலர்களை நியமிக்க முடிவு செய்தது. புதிதாக வாங்கப்பட்ட தொலைக்காட்சிகளையும் மின்சாதனங்களையும் காக்க அது தேவைப்பட்டது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஒரு காவலருக்கு ரூ. 72,000. 250 முதல் 1,000 மாணவர்கள் வரை படிக்கும் பள்ளியின் ஆண்டு மானியம் ரூ. 75,000 என்பதை நினைவில் கொண்டால், ஒரே ஒரு காவலரின் சொற்ப ஊதியம்கூட மத்திய மானியத்தை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும் என்பது புரியும்.

இந்த இடைவெளியை நிரப்ப ஆந்திரம் தேர்ந்த வழி குறிப்பிடத்தக்கது. தாய்மார்களுக்கு ஆண்டுக்கு ரூ. 15,000 வழங்கும் 'அம்ம ஒடி' திட்டத்தில், கழிவறைப் பராமரிப்புக்கு ரூ. 1,000, பள்ளிப் பராமரிப்புக்கு ரூ. 1,000 எனப் பிடித்தம் செய்யப்பட்டு, எஞ்சிய ரூ. 13,000 வரவு வைக்கப்பட்டது. 2025 ஜூனில் புதிய அரசு தொடங்கிய 'தல்லிகி வந்தனம்' திட்டத்திலும் ரூ. 2,000 பிடிக்கப்பட்டு ரூ. 13,000 வழங்கப்பட்டது. அதாவது, இரு ஆட்சிகளிலும் பள்ளியின் பராமரிப்புக்குத் தாய்மார்களின் உதவித்தொகையிலிருந்தே ஒரு பங்கு சென்றுள்ளது. தங்கள் பெயரில் பிடிக்கப்பட்ட தொகை தங்கள் பிள்ளையின் பள்ளிக்கு எவ்வளவு திரும்பியது என்று கேட்க அவர்களுக்கு முழு நியாயம் உண்டு.

பணம் ஏன் தாமதமாகிறது?

2021 முதல் சமக்ர சிக்ஷா நிதி, மாநிலத்துக்கு ஒரே மைய வங்கிக் கணக்கு என்ற முறையில் கையாளப்படுகிறது. பள்ளியின் கணக்கில் பணம் இருப்பாக நிற்பதில்லை. செலவு செய்துகொள்ளும் வரம்பு மட்டுமே அளிக்கப்படுகிறது. மத்தியப் பங்கு வந்த பின் மாநிலம் தன் பங்கைச் சேர்க்க வேண்டும். முந்தைய தவணையின் பயன்பாட்டுச் சான்றிதழ் சென்றால்தான் அடுத்த தவணை வரும். சங்கிலியில் ஒரு கண்ணி தாமதித்தால், கடைசியில் நிற்கும் பள்ளிக்குக் கல்வியாண்டின் இறுதியில்தான் வரம்பு கிடைக்கும்.

அரசியல் பிணக்குகளும் இதில் சேர்வதுண்டு. பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டம், தேசியக் கல்விக் கொள்கை தொடர்பான கருத்து வேறுபாட்டால், 2024–25ஆம் ஆண்டுக்கான சமக்ர சிக்ஷா நிதி ரூ. 2,152 கோடி விடுவிக்கப்படவில்லை எனக் கூறி, தமிழ்நாடு அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது.

சுவரே ஆபத்தாகும்போது

தொகை ஒதுக்கப்பட்டால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. 2021 டிசம்பர் 17ஆம் தேதி திருநெல்வேலியில் அரசு உதவி பெறும் பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். அதன்பின் தமிழ்நாடு முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கண்டறிந்து இடிக்கும் பணி முடுக்கிவிடப்பட்டது. இடித்த இடத்தில் மீண்டும் கட்டவும், புதிய வகுப்பறைகள் அமைக்கவும், ஐந்து ஆண்டுகளில் ரூ. 7,000 கோடி மதிப்பில் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் 2022–23 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது.

பழவேற்காட்டுக் கரையோரம் போன்ற ஈரமான, மணலும் களியும் கலந்த நிலத்தில் இந்த எச்சரிக்கைக்குக் கூடுதல் பொருள் உண்டு. போதிய ஆழமில்லாத அடித்தளம், இடையிடையே தூண் இல்லாத நீண்ட சுவர், மழைநீர் வெளியேறத் துளை இல்லாத அமைப்பு ஆகியவை ஒரே கனமழையில் சுவரைச் சாய்த்துவிடக்கூடும். சுவரின் ஒரு பக்கம் மண் குவித்து வைப்பதும், அதை ஒட்டி மரம் வளர விடுவதும் இதே விளைவைத் தரும். கட்டும்போது பொறியாளரின் சான்று எவ்வளவு தேவையோ, பருவமழைக்கு முன் ஆண்டுதோறும் செய்யப்படும் ஆய்வும் அவ்வளவு தேவை.

பிற நாடுகளில் இக்கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. அமெரிக்காவின் பார்க்லேண்ட் நகரப் பள்ளியில் 2018 பிப்ரவரியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பின், பூட்டுகள், உலோகக் கண்டறி கருவிகள், எச்சரிக்கை அமைப்புகள், பயிற்சி ஆகியவற்றுக்கு மானியம் வழங்கச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் அரசுப் பள்ளிகளின் முதல் தேவை இன்னும் உறுதியான கூரை, நேரான சுவர், பூட்டக்கூடிய வாயில் ஆகியவையே.

கண்காணிப்புக் கேமராக்கள் பற்றிய பேச்சும் அதிகரித்துள்ளது. சிபிஎஸ்இ வாரியம் தன்னுடன் இணைந்த பள்ளிகளில் ஒலி–ஒளிப் பதிவு வசதியுள்ள கேமராக்களை 2025 ஜூலையில் கட்டாயமாக்கியது. ஆனால் கேமரா நடந்ததைப் பதிவு செய்யுமே தவிர, தானாகத் தடுக்காது. மின்சாரம், இணையம், பதிவுகளைப் பார்க்கும் பொறுப்பாளர், பழுது நீக்கும் நிதி ஆகிய நான்கும் இல்லாத பள்ளியில் அது வெறும் அலங்காரமாகவே எஞ்சும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்க வகைசெய்கிறது. உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். அரசு மானியம் எவ்வாறு செலவாகிறது எனக் கண்காணிப்பது இக்குழுவின் சட்டபூர்வக் கடமை. ஆந்திரத்தில் 2024 ஆகஸ்டில் இக்குழுக்களுக்குத் தேர்தல் நடைபெற்றது.

22ஆவது பிரிவின்படி குழுவே பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும். அரசு வழங்கும் மானியத்துக்கு அத்திட்டமே அடிப்படை. எனவே, சுவர் தேவை என்ற தீர்மானம் அத்திட்டத்தில் எழுத்து வடிவில் இடம்பெறுவது முதல் படி. யுடைஸ் படிவத்தில் தங்கள் பள்ளியின் சுவர் பற்றி என்ன குறிக்கப்பட்டுள்ளது எனப் பார்ப்பது இரண்டாம் படி. இவ்வாண்டு மானிய வரம்பு எவ்வளவு, எப்போது வந்தது, எதற்குச் செலவானது என்ற விவரத்தைத் தலைமையாசிரியரிடம் கேட்பது மூன்றாம் படி. பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளது. குழந்தையின் உரிமை மீறப்பட்டதாகக் கருதினால், 32ஆவது பிரிவின் கீழ் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துபூர்வமாகப் புகார் அளிக்கலாம்; அது மூன்று மாதங்களுக்குள் முடிவு காண வேண்டும். அதில் நிறைவு இல்லையெனில் மாநிலக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

இடியும் நிலையில் உள்ள சுவரோ கூரையோ கண்ணில் பட்டால் இத்தனை படிகளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அப்பகுதியை உடனே கயிறு கட்டி மறித்து, மாணவர்களை விலக்கி, மண்டலக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் தெரிவிப்பதற்கு எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை.